இனி உங்கள் பைகளை நான் பார்த்துக்கொள்ள மாட்டேன்

தணிகா,

நீ அனுப்பிய செய்தியைப் பார்த்தேன். "ஒரு சாரி தானேம்மா, குரூப்ல போட்டுடு, பெரியப்பா சமாதானம் ஆயிடுவாரு, கல்யாண நேரத்துல இன்னாத்துக்கு இதெல்லாம்" என்று எழுதி, கீழே கும்பிடும் கைகள் படம் ஒன்றையும் வைத்திருந்தாய். ஷிப்ட் முடிந்து ஓசூர் கம்பெனி பஸ்ஸில் நின்றுகொண்டே தட்டியிருப்பாய், எழுத்துப் பிழைகளிலேயே தெரிகிறது. அந்தக் கும்பிடு எனக்கா, பெரியப்பாவுக்கா என்பதுதான் தெரியவில்லை. போனில் பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நான் ஒரு வாக்கியம் முடிப்பதற்குள் நீ "சரிம்மா சரிம்மா" என்பாய். அந்தச் சரிக்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும், உன் நைனாவிடம் இத்தனை வருடம் கேட்டுப் பழகிவிட்டேன். அதனால் எழுதுகிறேன். எழுதியதை நம் குடும்பக் குரூப்பிலேயே போடப்போகிறேன். மன்னிப்புக் கேள் என்று எல்லோர் முன்னாலும் கேட்டார்கள், பதிலும் எல்லோர் முன்னாலும் இருக்கட்டும். காவ்யா நம் வீட்டு மருமகளாக வந்தபிறகுதான் குரூப்பில் சேர்வாள், அதனால் அவளுக்கு நீயே அனுப்பிவிடு. அவளுக்குத்தான் இது முக்கியமாகத் தெரியவேண்டும்.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கடைசிவரை படிக்கப் பொறுமை இல்லாதவர்கள் நம் வீட்டில் நிறையப் பேர். நான் மன்னிப்புக் கேட்கமாட்டேன்.

காணும் பொங்கலுக்கு நீ வரவில்லை. கல்யாணத்துக்கு வேண்டுமென்று லீவைச் சேர்த்து வைத்திருந்தாய். அன்றைக்கு நடந்ததை ஆளுக்கொரு விதமாக உனக்குச் சொல்லியிருப்பார்கள். எல்லோர் கதையிலும் குரங்கு வந்திருக்கும், பெரியப்பாவின் பல் செட்டு வந்திருக்கும், பையை அப்படியே போட்டுவிட்டுப் போன நான் வந்திருப்பேன். ஒருத்தர் கதையிலும் அருவி வந்திருக்காது. நாம் பார்க்கப் போனதே அதைத்தான்.

நம் வீட்டில் காணும் பொங்கல் என்றால் கைலாசகோனை அருவிதான், உனக்குத் தெரியாததில்லை. திருத்தணியில் பாதிப் பேர் அன்றைக்கு மலையேறுவார்கள், மீதிப் பேர் ரயிலேறிக் கடற்கரைக்குப் போவார்கள், நாம் வேன் பிடித்து நகரி, புத்தூர் தாண்டி நாராயணவனம் பக்கம் திரும்புவோம். மழைக்காலம் முடிந்த கையோடு போவதால் தை மாதத்தில் அருவி நிறையவே விழும். சிவன் கோயிலைத் தாண்டிப் படியிறங்கும்போதே சத்தம் கேட்கும். பேச்சைக் கொஞ்சம் உரக்கப் பேச ஆரம்பிப்போம். உயரமான பாறை, அதன் நெற்றியிலிருந்து ஒரே வீச்சாக இறங்கும் தண்ணீர், கீழே இடுப்பளவு குட்டை. வந்தவர்களுக்கெல்லாம் அது கண்ணில் படும். நம் வீட்டுப் பெண்களுக்கு முதலில் கண்ணில் படுவது இடப்பக்க மரத்தடியில் இருக்கும் தட்டையான பாறை. அதைப் பிடிக்கவேண்டும், இல்லாவிட்டால் வேறு குடும்பம் பிடித்துவிடும். பிடித்தால் புளிசாதப் பாத்திரம் நடுவில், செருப்புகள் ஓரத்தில், துணிகள் மடியில், கைக்கடிகாரங்களும் போன்களும் வேன் சாவியும் முந்தானைக்குள். ஆண்கள் அருவிக்குப் போவார்கள். நாங்கள் பாறையில் குந்தி அவர்களுடைய உடைமைகளைப் பார்த்துக்கொள்வோம். தண்ணீரைப் பார்ப்பதா என்று கேட்டால், குரங்கைப் பார்க்கிற நேரம் போக மிச்சத்தில் பார்ப்போம்.

கல்யாணமான வருடமே என்னை அங்கே அழைத்துப் போனார்கள். கல்லூரி முடித்துச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. அருவி என்பதை அதற்கு முன் நான் புத்தகத்தில்தான் பார்த்திருக்கிறேன். செருப்பைக் கழற்றிவிட்டு, புடவைக் கொசுவத்தைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு, தண்ணீரை நோக்கி நடக்க ஆரம்பித்தேன். உன் நைனா ஓடிவந்து கடிகாரத்தைக் கழற்றி என் கையில் வைத்து, "நீ இங்கயே குந்து, நான் போய்ட்டு வந்துர்றேன்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, ஆசையாகத்தான் சொன்னார். கடிகாரத்தை என்னை நம்பிக் கொடுத்ததில் எனக்குக்கூட அன்று பெருமையாக இருந்தது. பாறைக்குத் திரும்பினேன். அங்கே உன் பெரியம்மா எனக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தாள். கொஞ்சம் நகர்ந்து எனக்கு இடம் விட்டாள். அந்த இடத்தில்தான் இத்தனை வருடமும் உட்கார்ந்தேன்.

நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது, உதடு நீலம் பாரித்து, பல் கிட்டிக்க ஓடிவந்து என் மடியில் விழுவாய். துண்டால் துவட்டிக்கொண்டிருக்கும்போது ஒருமுறை கேட்டாய், "நீ ஏம்மா வரல?" என்று. "அம்மாவுக்குச் சளி புடிக்கும்டா" என்றேன். எனக்குச் சளி பிடிக்காது, தணிகா. மார்கழியில் விடியற்காலைத் தண்ணீரில் தலைக்குக் குளித்துவிட்டுப் பள்ளிக்கூடம் போகிறவள் நான். உன்னிடம் வேறு என்ன சொல்வதென்று தெரியவில்லை, அவ்வளவுதான். அடுத்த வருடம் நீ கேட்கவில்லை. அப்புறம் கேட்கவே இல்லை. கல்லூரியில் சேர்ந்த வருடம் உன் முதல் போனை என் பக்கம் நீட்டினாய். அப்போது உன் கண் அருவியில் இருந்தது, உன் கை மட்டும் என் பக்கம் இருந்தது. நான் வாங்கினேனா என்றுகூட நீ பார்க்கவில்லை; வாங்கியிருப்பேன் என்று உனக்குத் தெரியும். உன் நைனா கடிகாரம் கொடுத்தபோதாவது என் முகத்தைப் பார்த்தார்.

நான் என்ன பாடம் எடுக்கிறேன் என்று உனக்கு ஞாபகம் இருக்கிறதல்லவா? கே.ஜி. கண்டிகைப் பள்ளிக்கூடத்தில் வருடா வருடம் கரும்பலகையில் அருவி வரைகிறவள் நான். மேலே கடினப் பாறை, கீழே மென்பாறை, தண்ணீர் மென்பாறையை அரித்து அரித்துக் குடைந்து, ஒரு நாள் மேல்பாறை தாங்காமல் உடைந்து விழும் என்று அம்புக்குறி போட்டு விளக்குவேன். இந்த வருடம் முன்வரிசையில் ஒரு பெண் எழுந்து, "டீச்சர், நீங்க அருவியில குளிச்சிருக்கீங்களா?" என்றாள். "வருஷா வருஷம் போவேனே" என்றேன். "போறது இல்ல டீச்சர், குளிச்சிருக்கீங்களா?" என்றாள். வகுப்பே சிரித்தது. படத்தை நோட்டில் வரையுங்கள் என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டேன்.

ஆனால் அந்தக் கேள்வியால் நான் தண்ணீரில் இறங்கவில்லை. காவ்யாவால் இறங்கினேன். பொங்கலுக்கு முன் கல்யாணப் புடவை எடுக்கப் போனோமே, அப்போது உன் பெரியம்மா அவளிடம் ஆசையாகச் சொன்னாள்: "அடுத்த வருஷம் காணும் பொங்கலுக்கு நீயும் எங்களோட கோனைக்கு வருவ. சூப்பரா இருக்கும், நம்ம பொம்பளைங்க எல்லாம் ஒரு பாறையில குந்திகினு நல்லா பேசிகினு இருப்போம்." காவ்யா முகம் மலர்ந்து, "அருவியா! எனக்கு ரொம்பப் புடிக்கும்த்தே" என்றாள். மணவூரில் ஏரியில் நீச்சல் பழகிய பெண். நான் புடவையைத் தடவிக்கொண்டிருந்தேன், கண்ணுக்குள் அந்தப் பாறை வந்தது. நான் கொஞ்சம் நகர்ந்து அவளுக்கு இடம் விடுகிறேன். நீ அவள் பக்கம் கையை நீட்டுகிறாய். உன் கண் அருவியில் இருக்கிறது. அந்த இடத்தை அவளுக்குக் கொடுக்கும் மாமியாராக நான் இருக்கமாட்டேன் என்று அந்தத் துணிக்கடையிலேயே முடிவு செய்தேன். அதற்கு அவளிடம் எதையும் சொல்லிப் பயனில்லை. நான் முதலில் எழுந்திருக்கவேண்டும்.

ஆகவே இந்தக் காணும் பொங்கலுக்குப் புளிசாதப் பாத்திரத்துக்கு அடியில் என்னுடைய பழைய அடர்நீலச் சுடிதாரை மடித்து வைத்தேன். போய் இறங்கியதும் கோயில் பக்கம் இருந்த மறைப்பில் மாற்றிக்கொண்டு வந்து பாறையில் உட்கார்ந்தேன். உன் பெரியப்பா, நான் பாவா என்று கூப்பிடுகிற அந்தப் பெரிய மனிதர், வழக்கம்போலச் சட்டையைக் கழற்றினார். அருவி தலையில் விழும் வேகத்தில் கழன்றுவிடும் என்று மேல்வரிசைப் பல் செட்டை எடுத்துக் கைக்குட்டையில் சுற்றி, சட்டையோடு மஞ்சள் பைக்குள் வைத்து, பையை என் பக்கம் நீட்டினார். வருடா வருடம் நடப்பதுதான். அக்கா, அதுதான் உன் பெரியம்மா, பக்கத்திலேயே இருந்தாலும் என்னிடம்தான் நீட்டுவார். படித்தவள், பத்திரமாக வைத்திருப்பேனாம்.

நான் கையை நீட்டவில்லை. "பாவா, இன்னிக்கி நானும் குளிக்கப் போறேன். பைய வேன்ல வெச்சிப் பூட்டிட்டு வாங்க" என்றேன்.

"ஆங், ஆங்" என்றார். பையை என் பக்கத்தில் பாறைமேல் வைத்துவிட்டு நடந்தார்.

எழுந்து நின்று உரக்கச் சொன்னேன். "பாவா, நான் இங்க இருக்கமாட்டேன். மேல கொரங்கு கீது பாருங்க!" திரும்பிப் பார்க்காமல் கையை மட்டும் தூக்கி ஆட்டினார். இதை நான் ஏதோ வக்கீல் மாதிரி எழுதுவதாக நினைக்காதே. நடந்தது இதுதான், பக்கத்துப் பாறையில் இருந்த நகரிக் குடும்பம்கூடத் திரும்பிப் பார்த்தது. நான் சொன்னேன், தமிழில்தான் சொன்னேன், இரண்டு முறை சொன்னேன். அந்தப் பாறையிலிருந்து வருகிற குரலில் சேதி எதுவும் இருக்கும் என்று அவருக்குத் தோன்றவில்லை.

அக்காவிடம், "நான் தண்ணிக்குப் போறேன்க்கா" என்றேன்.

"பாட்டில் வேன்ல கீதே."

"குடிக்க இல்லக்கா. குளிக்க."

நான் ஏதோ ஏரோப்ளேன் ஓட்டப் போவதாகச் சொன்னதுபோல் பார்த்தாள். "இன்னாடி ஆச்சு உனக்கு? மருமவ வர்ற வயசுல!"

"அதுக்குத்தான்க்கா போறேன்" என்று சொல்லிவிட்டு நடந்தேன். "அடியே, நில்லுடி, எல்லாரும் பாக்கறாங்கடி" என்று பின்னாலேயே கத்திக்கொண்டு வந்தாள்.

குட்டைக்குள் இறங்கியதும் கால் வழுக்கியது. பாசி. பாறை எப்படி உடைகிறது என்று பாடம் நடத்தத் தெரிந்த எனக்கு அதன்மேல் எப்படி நிற்பது என்று தெரியவில்லை. திரும்பிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. உள்ளேயிருந்து ஒரு கை வந்து என் மணிக்கட்டைப் பிடித்தது. என் வயதுப் பெண், நைட்டிக்கு மேல் துண்டு கட்டியிருந்தாள். "ரா அக்கா, பயபடகு" என்றாள், வா, பயப்படாதே என்று தெலுங்கில் சொல்லி இழுத்தாள். நான் போனேன். தணிகா, அதை எப்படி உனக்குச் சொல்வது? தூரத்திலிருந்து பார்க்கும்போது அருவி மெல்லிய துணிபோல இருக்கும். அடியில் நின்றால் அது அடி. தோளில், கழுத்தில், உச்சியில், யாரோ மூட்டை மூட்டையாகக் கொட்டுகிறார்கள். மூச்சு எடுக்க இடம் கிடைக்கவில்லை, கண் திறக்க முடியவில்லை, அருவிச் சத்தத்தைத் தவிர வேறு சத்தம் இல்லை. அங்கே நின்றபோது கியாஸ் தீர்ந்ததா, பத்திரிகை யார் யாருக்குப் போகவில்லை, உன் நைனாவுக்குச் சர்க்கரை மாத்திரை போட்டேனா என்று எதுவும் நினைவில்லை. நினைக்க விடாது அந்தத் தண்ணீர். எனக்குச் சிரிப்பு வந்தது. வாயைத் திறந்ததும் தண்ணீர் வாய்க்குள் போனது, அந்தப் பெண்ணும் சிரித்தாள், நானும் சிரித்தேன், இருவரும் கையை விடவில்லை. அவள் பெயரைக் கேட்கத் தோன்றவில்லை. நீ ஆண் பிள்ளையாகப் பிறந்ததால் நினைவு தெரிந்த நாள் முதல் உனக்கு இது தெரியும். எனக்கு இந்தத் தை மாதம்தான் தெரிந்தது. ஒருவரும் எனக்கு மறுத்ததில்லை என்று உன் நைனா சொல்கிறார். உண்மைதான், யாரும் மறுக்கவில்லை. கையில் ஏதாவது கொடுத்துவிட்டுப் போனார்கள்.

அப்புறம் நடந்ததைத்தான் நீ கேட்டிருப்பாய். "ஐயையோ பல்லு! பல்லு!" என்று அக்கா அலறியது அருவிச் சத்தத்தையும் மீறிக் கேட்டது. ஒரு பெரிய ஆண்குரங்கு மஞ்சள் பையோடு பாறைமேல் தாவி உட்கார்ந்திருந்தது. சட்டையை எடுத்து உதறிப் பார்த்துப் பிடிக்காமல் வீசியது. கைக்குட்டையைப் பிரித்தது. பல் செட்டை எடுத்து, முகர்ந்து, திருப்பித் திருப்பிப் பார்த்து, தன் வாயருகே கொண்டுபோய்க் கடித்தது. பெரியப்பா இடுப்பில் துண்டோடு நின்று கையை உயர்த்தி என்னவோ கத்துகிறார். மேல்பல் இல்லாமல் வார்த்தைகள் காற்றாகவே வருகின்றன. சென்னையிலிருந்து வந்த பையன்கள், "டேய் மச்சான், கொரங்கு பெருசப் பாத்து அவரு பல்லாலயே சிரிக்குதுடா" என்று கத்தினார்கள். உன் நைனா முதலில் வாயைப் பொத்திக்கொண்டார், பிறகு தண்ணீருக்குள் முங்கிக்கொண்டார், எழுந்தபோதும் தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. யாரோ வாழைப்பழம் எறிந்தார்கள். குரங்கு பழத்தைப் பிடிப்பதற்காகப் பல்லைக் கீழே விட்டது. அது பாறை இடுக்குகளில் எங்கோ போய் விழுந்தது. நான் உட்பட எல்லோரும் தேடினோம். கிடைக்கவில்லை. திரும்பி வரும்போது பாவா வாயைத் துண்டால் மூடிக்கொண்டு முன்சீட்டில் உட்கார்ந்து வந்தார். ஈரத்தலையோடு நான் கடைசி சீட்டில் உட்கார்ந்திருந்தேன். வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் உடம்பெல்லாம் இன்னும் அந்தத் தண்ணீர் அடித்துக்கொண்டே இருந்தது, அதை வருத்தத்தால் நிறுத்த முடியவில்லை.

மறுநாள் குரூப்பில் பாவாவின் குரல் வந்தது. பல் இல்லாத குரல்தான், ஆனால் புரிந்தது. "அவ எல்லார் முன்னாடியும் தப்புன்னு சொல்லட்டும். இனிமே இந்த மாதிரி பண்ணமாட்டேன்னு சொல்லட்டும். அதுக்கப்புறம் பந்தக்கால் பத்தி என்கிட்ட பேசுங்க." நம் வீட்டில் பந்தக்கால் நடுவது மூத்தவர் கை. அவர் வராமல் நட்டால் ஊர் பேசும், மணவூர்ச் சம்பந்திகள் காதுக்குப் போகும். அதுதான் உன் பயம். எனக்குப் புரியாமலில்லை.

உன் நைனா, "நான் அண்ணன்கிட்ட பேசிக்கறேன், நீ ஒண்ணும் சொல்லவாணாம்" என்றார். "நீங்க பேசினா நானே மன்னிப்புக் கேட்ட மாதிரி ஆயிடும். சும்மா இருங்க" என்றேன். "சரி" என்றார். இந்த முறை உண்மையாகவே சும்மா இருந்தார். அதற்காக அவரை எனக்கு ரொம்பப் பிடித்தது.

பாவா, இந்தப் பகுதி உங்களுக்கு. பல் செட்டு போனதில் எனக்கு வருத்தம் உண்டு, அதை அன்றே உங்களிடம் சொன்னேன், இப்போதும் சொல்கிறேன். நாலு பேர் முன்னால் நீங்கள் நின்ற நிலையை நினைத்தால் இன்னும் மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது. அந்தப் பையன்கள் சிரித்தபோது நான் சிரிக்கவில்லை. ஆனால் "இனிமேல் பண்ணமாட்டேன்" என்று சொல்லச் சொல்கிறீர்களே, எதை? குளிப்பதையா? நான் பண்ணுவேன். கல்யாணமாகி வந்ததும் நான் பி.எட். படிக்கவேண்டும் என்றபோது வீடே வேண்டாம் என்றது. நீங்கள்தான் ஒற்றை ஆளாக நின்று, "படிக்கற பொண்ணப் புடிச்சி அடுப்படியில குந்த வெக்காதீங்க" என்று சத்தம் போட்டீர்கள். முதல் நாள் என்னைக் காலேஜ் பஸ்ஸில் ஏற்றிவிட்டு, பஸ் கிளம்பும்வரை ஸ்டாண்டில் நின்றீர்கள். இன்று நான் டீச்சராக இருப்பது உங்களால். அதை எந்தக் கூட்டத்திலும் சொல்வேன். அடுப்படியில் குந்த வைக்காதே என்று சொன்ன மனிதர் என்பதால்தான் பாறையிலும் குந்தமாட்டேன் என்று உங்களிடம் சொல்ல எனக்குத் தைரியம் வந்தது. வேறு யாரிடமாவது என்றால் பொய்க்காரணம் சொல்லியிருப்பேன். உங்களிடம் நேராகச் சொன்னேன், உங்கள் காதில் அது விழவில்லை. இப்போது எழுதியே சொல்லிவிட்டேன்.

தணிகா, இன்னொன்றும் எழுதவேண்டும். அதை எழுதலாமா என்று உன் பெரியம்மாவிடம் கேட்டேன். போன வாரம் மத்தியானம் அவள் நம் வீட்டுக்கு வந்தாள். திட்டப்போகிறாள் என்று நினைத்தேன். காபியை ஆற்றிக்கொண்டே, "தண்ணி உள்ள ரொம்ப சில்லுனு இருந்துச்சா?" என்றாள். முதல்ல இருக்கும், அப்புறம் தெரியாது என்றேன். "நெஞ்ச அடைக்குமா?" ஆமாம், ஆனால் நல்லா இருக்கும் என்றேன். தலையாட்டிக்கொண்டே இருந்தாள். பிறகு சொன்னாள்: "எல்லாரும் உன்னத் திட்டறாங்க. நீ எழுந்து போனப்ப நான் அங்கதான இருந்தேன்? பைய நான் பாத்துகினு இருந்திருக்கலாம்ல? உன்ன இஸ்துகினு வரலாம்னுதான் பின்னாடியே வந்தேன். கரையில நின்னேனா, தண்ணி வந்து கால்ல பட்டுச்சு. செருப்பக் கழட்டிட்டு உள்ள கால வெச்சேன். கண்ண மூடிகினு நின்னுட்டேன்டி. கொரங்கு வந்தது எனக்குத் தெரியவே தெரியாது." என்னைவிடப் பல வருடம் அதிகமாக அந்தப் பாறையில் உட்கார்ந்தவள் அவள். அங்கிருந்து எழுந்து, கணுக்கால் வரை நனைந்து, கண்ணை மூடி நின்ற அந்தக் கொஞ்ச நேரத்தை, அவள் ஒரு களவுபோல ஒளித்து வைத்திருந்தாள். "இத எழுதட்டுமாக்கா, பாவா படிப்பாரு" என்றேன். காபியை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, டம்ளரைத் தரையில் சத்தமாக வைத்தாள். "எழுது. பேர் போட்டு வேணா எழுது. நான் இன்னா கொலையா பண்ணேன்?"

ஆகவே மன்னிப்பு வேண்டுமென்றால் ஒருத்தியிடம் கேட்டால் போதாது, நாங்கள் இரண்டு பேர் இருக்கிறோம். இரண்டு பேரும் கேட்கமாட்டோம்.

உனக்கு ஒரு புத்தி சொல்லட்டுமா? அம்மா கடிதம் என்றால் புத்தி இல்லாமல் இருக்காது. வீட்டில் சண்டை வந்தால், யார் விட்டுக்கொடுத்தால் சீக்கிரம் முடியும் என்று பார்த்து அவர்களிடம் போய் நிற்காதே. நீ அதைத்தான் செய்தாய். பெரியப்பாவிடம் கேட்பது கஷ்டம், அம்மாவிடம் கேட்பது சுலபம். நாளைக்குக் காவ்யாவிடம் கேட்பது இன்னும் சுலபமாகிவிடும். அந்தப் பழக்கம் இப்போதே நிற்கட்டும். பெரியப்பாவிடம் நீயே போன் செய். "ஒரு தபா குளிச்சதுக்கு எங்கம்மா எதுக்கு சாரி சொல்லணும்" என்று அவரிடம் கேள். கேட்டுப் பார்.

பந்தக்கால் வெள்ளிக்கிழமை காலை. குழி தோண்டச் சொல்லிவிட்டேன், மூங்கில் வந்து வாசலில் கிடக்கிறது. பாவா, நீங்கள் வரவேண்டும் என்பது என் ஆசை. நீங்கள் வந்தால் உங்கள் கைக்கு முன் வேறு கை அந்த மூங்கிலில் படாது. புதுப் பல் செட்டு அதற்குள் வந்துவிடும் என்று அக்கா சொன்னாள், வராவிட்டாலும் வாங்க, பந்தக்கால் நடப் பல் வேண்டியதில்லை. நீங்கள் வரவில்லை என்றால் நல்ல நேரம் தாண்டும்வரை காத்திருக்கமாட்டோம். ஒரு பக்கம் நானும் ஒரு பக்கம் அக்காவும் பிடித்து நட்டுவிடுவோம். ஊர் பேசட்டும். திருத்தணி பேசி முடித்ததும் அடுத்த விஷயத்துக்குப் போய்விடும், நான் இத்தனை வருடமாகப் பார்க்கிறேன்.

கல்யாணம் முடிந்து, மறுவீடெல்லாம் ஆனபிறகு, நீ ஓசூர் திரும்புவதற்குள் ஒரு நாள் கோனைக்கு வேன் சொல்லியிருக்கிறேன். மாசியில் தண்ணீர் கொஞ்சம் குறைந்திருக்கும், இருந்தாலும் விழும். காவ்யா நேற்று போன் செய்து, "என்ன எடுத்துகினு வரணும்த்தே?" என்றாள். "மாத்துத் துணி" என்றேன். பெரியம்மா தனக்கு ஒரு நைட்டி தைக்கக் கொடுத்திருக்கிறாள், கனமான துணியில், முழுக்கை வைத்து. நீ உன் போனை வேனில் வைத்துப் பூட்டு. சாவியை அரைஞாண் கயிற்றில் முடிந்துகொள். என் பக்கமோ அவள் பக்கமோ எதையும் நீட்டாதே. எங்கள் கை ஈரமாக இருக்கும்.

அம்மா